துயரம் என்றொரு மரநோய்

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் மனிதர்கள் பொதுவாகக் கற்பனை வறியவர்கள். கண்டவர் பெயர், கண்ட ஊர், உடம்பில் தெரியும் நிறம் என்று மூன்று வழிகளோடு நின்றுவிடுவார்கள். பிரேசில் நாட்டவர் மட்டும் ஒரு மரநோய்க்குத் 'துயரம்' என்று பெயரிட்டார்கள். போர்த்துக்கீசிய மொழியில் திரிஸ்தேசா. 1942இல் சில்வியோ மொரெய்ரா என்னும் ஆய்வாளர் அச்சிலேற்றிய இந்தப் பெயரே பின்னர் உலகெங்கும் நிலைத்தது. எனக்குத் தாவரவியலில் முறையான பயிற்சி கிடையாது. தமிழ் இலக்கியம் கற்பிப்பவன். இந்தப் பெயர்தான் என்னை இழுத்தது. ஆரஞ்சு மரத்தின் இலை பளபளப்பை இழக்கும், நுனிக்கிளைகள் காயும், அளவுக்கு மீறிச் சிறு காய்கள் தொங்கும், மண்ணுக்கடியில் சல்லிவேர்கள் முன்பே அழுகிப்போயிருக்கும். சில மரங்கள் ஆண்டுக்கணக்கில் தேயும்; சில மரங்கள் இலைகளை உதிர்க்கக்கூட நேரமின்றிச் சில வாரங்களில் நின்றபடியே உலரும். பெயர் வைத்தவர்கள் மரத்தைத்தான் சொன்னார்களா, அதன் முன் நின்ற தங்களைத்தான் சொன்னார்களா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கதை அதற்கும் நூறாண்டு முன்னே தொடங்குகிறது. ஆரஞ்சு மரத்தை விதையிலிருந்து வளர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், முள் அதிகம், ஆனால் நீண்ட காலம் வாழும். 1830-40களில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் அத்தகைய மரங்கள் அடித்தண்டில் பிசின் வடிந்து, வேர் அழுகி மடிந்தன. பின்வந்த பத்தாண்டுகளில் அந்த அழுகல் மத்தியதரைக்கடல் நாடுகளெங்கும் பரவியது. மண்ணில் வாழும், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் வேலை அது. அதற்குத் தீர்வாகக் கிடைத்தது கசப்பு ஆரஞ்சு. நம் நாரத்தையின் உறவுக்காரச் செடி. (ஸ்பானியரின் 'நரன்ஹா', அரபியரின் 'நாரஞ்ச்', வடமொழியின் 'நாரங்க' எல்லாம் நாரத்தை வழங்கும் திராவிடச் சொற்குடும்பத்திலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவதுண்டு. பெருமைப்படலாம், அதற்குமேல் இங்கே அதற்கு வேலையில்லை.) கசப்பு ஆரஞ்சின் வேர் அந்த அழுகலைத் தாங்கியது. ஆகவே அதை வேர்ச்செடியாக வளர்த்து, தண்டில் பட்டையைக் கீறி, இனிப்பு ஆரஞ்சின் மொட்டைச் செருகிக் கட்டினார்கள். கீழே கசப்பு, மேலே இனிப்பு. எந்த மண்ணிலும் நின்றது, பழத்தின் தரமும் உயர்ந்தது. சில பத்தாண்டுகளுக்குள் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் இரு அமெரிக்கக் கண்டங்களிலும் பெரும்பாலான ஆரஞ்சுத் தோட்டங்கள் இந்த ஒரே வேரின்மீது நின்றன.

தென்னாப்பிரிக்காவில் மட்டும் அது நிற்கவில்லை. அங்கே 1890களிலேயே கசப்பு ஆரஞ்சின்மீது கட்டிய இனிப்பு ஆரஞ்சு தேறுவதில்லை என்று கண்டு, வேறொரு முரட்டு எலுமிச்சையை வேருக்குத் தேர்ந்துகொண்டார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து சென்று பார்த்த எச். ஜே. வெப்பர் 1925இல் இதை எழுதியும் வைத்தார். ஜாவாவிலும் அதே அனுபவம். அங்கே பணியாற்றிய டச்சுக்காரரான டொக்ஸோபியஸ், மேலே உள்ள இனிப்பு ஆரஞ்சிலிருந்து ஏதோ ஒரு பொருள் இறங்கிக் கீழுள்ள கசப்பு ஆரஞ்சைக் கொல்கிறது என்று 1937இல் எழுதினார். அசாதாரணமான ஊகம் அது. இறங்குவது பொருளல்ல, உயிருக்கும் உயிரின்மைக்கும் இடைப்பட்ட ஒன்று என்பது மட்டுமே அவருக்குத் தெரியாமற் போயிற்று. மற்றவர்கள் இரண்டுக்கும் ஒட்டாது, அவ்வளவுதான் என்று தள்ளிவிட்டார்கள். குணம் என்று முடிவுகட்டிவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை அல்லவா?

அந்த அலட்சியத்தின் விலை தென்னமெரிக்காவில் செலுத்தப்பட்டது. 1920களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளோடு நோயும் அதைச் சுமக்கும் பூச்சியும் வந்திறங்கின என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1930 அளவில் அர்ஜென்டினாவின் கோரியென்டெஸ் பகுதியில் மரங்கள் சாயத் தொடங்கின. 1937இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்துப் பராயிபா பள்ளத்தாக்கில் நோய் தெரிந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலம் இழந்த மரங்கள் மட்டும் அறுபது இலட்சத்துக்கும் மேல். இடையே உலகப்போர் மூண்டு ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது. விற்க வழியில்லாத பழமும் காக்க வழியில்லாத மரமுமாக நின்ற தோட்டக்காரர்களுக்கு, எது முதலில் கொன்றது என்று பிரித்துப் பார்க்கும் நிலைகூட இருந்திருக்காது.

மரத்தின் எந்தப் பாகத்தில் நோய்? தேடியவர்களை அலைக்கழித்த கேள்வி இதுதான். இனிப்பு ஆரஞ்சைத் தன் வேரிலேயே வளர்த்தால் அந்த வைரசைப் பெரிய தொல்லையின்றிச் சுமக்கும். கசப்பு ஆரஞ்சு தனி மரமாக நின்றால் வைரஸ் அதற்குள் பரவவே திணறும். இரண்டும் தனித்தனியே நலம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால், கட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, பட்டையின் உட்புறத்தில் உணவு இறங்கும் குழாய்கள் மடிகின்றன. இலை சமைத்த சர்க்கரை வேருக்குப் போய்ச் சேர்வதில்லை. வேர் பட்டினியால் சாகிறது. பிறகு, நீரின்றி மரம் சாகிறது. அதனால்தான் அந்நாளைய கணக்கெடுப்பாளர்கள் கையில் ஒரு கத்தியும் சிறிது அயோடினும் இருந்தன. வேரை நறுக்கி அயோடின் இட்டால் மாவுச்சத்து உள்ள வேர் கருநீலமாகும். நோயுற்ற மரத்தின் வேர் நிறம் மாறாது. ஒட்டுக்குக் கீழே பட்டையை உரித்தால் அதன் உட்பக்கத்தில் ஊசியால் குத்தினாற்போல் நுண்துளைகள், தேன்கூடு மாதிரி. தோட்டம் தோட்டமாக நடந்து, மரம் மரமாகக் கீறிப் பார்த்த வேலை அது.

1946இல் இரண்டு விடைகள் வந்தன. சாவோ பாவ்லோவில் மெனெகினி, பழுப்பு நிற எலுமிச்சை அசுவினிகளை நோயுற்ற செடியிலிருந்து நல்ல செடிக்கு மாற்றி, நோய் தொற்றுவதைக் காட்டினார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஃபாசெட்டும் வாலஸும், அங்கே 1939 முதல் 'விரைவுத் தேய்வு' என்று அழைக்கப்பட்ட நோய் ஒட்டின் வழியே பரவுவதை நிறுவினார்கள். இரண்டும் ஒன்றே என்பது சற்றுப் பின்னால்தான் உறுதியாயிற்று. ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா) எலுமிச்சையைக் கொன்ற நோய், தென்னாப்பிரிக்காவில் மரக்கட்டையில் குழி விழச் செய்த நோய், பிரேசிலின் துயரம், கலிஃபோர்னியாவின் தேய்வு என நான்கு பெயர்களில் திரிந்தவை 1950ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஒரே மூலத்தின் வடிவங்கள் என்று தெரியவந்தன. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களுக்கு அடியில் ஒரே நூலைக் காணும் பதிப்பாசிரியர் வேலைக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த வைரஸ் விதை வழியே போவதில்லை. ஒட்டு மொட்டு வழியே போகிறது. ஒரு தாய்மரத்திலிருந்து ஆயிரம் மொட்டு எடுத்தால் ஆயிரம் படிகளிலும் அதே பிழை. 1964இல் கிதாஜிமாவும் அவருடைய தோழர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார்கள்: மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு நீளமான, நெளியும் நூல். தாவர வைரஸ்களில் மிக நீளமானவற்றுள் அதுவும் ஒன்று.

இனி, சுமந்து சென்ற பூச்சி. அசுவினி என்று பாடநூல்கள் சொல்வதை நம் ஊர்களில் செடிப்பேன் என்பார்கள். பழுப்பு எலுமிச்சை அசுவினி எள்ளளவில் கருமையாக மின்னும். எலுமிச்சைக் குடும்பத்தின் இளந்தளிரைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் நாடாது. பெண்கள் ஆண் துணையின்றியே குட்டிகளை ஈனும். அவை ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். தளிரில் இடம் நெருக்கினால் சிறகுள்ள தலைமுறை பிறந்து பறக்கும். நோயுற்ற தளிரில் சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை உறிஞ்சினால் வைரஸ் அதன் வாயில் தொற்றும். ஓரிரு நாளில் அகன்றும்விடும். அதாவது பூச்சி நோயை நெடுநாள் வைத்திருப்பதில்லை, கைமாற்றுகிறது. ஸ்பெயினில் 1957இல் வலென்சியா பகுதியில் நோய் கண்டபோது அங்கே இந்தப் பூச்சி இல்லை. பருத்தி அசுவினியே அந்த வேலையை அரைகுறைத் திறமையோடு செய்தது. ஆயினும் பல பத்தாண்டுகளில் ஸ்பெயின் இழந்தது ஏறத்தாழ நான்கு கோடி மரங்கள். பருத்தி அசுவினி மட்டும் உள்ள தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து மரத்திலிருந்து தொண்ணூற்றைந்து மரத்துக்கு நோய் பரவ எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்றும், பழுப்பு அசுவினி வந்துவிட்டால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் போதும் என்றும் பின்னாளைய கணக்கெடுப்புகள் காட்டின. வெனிசுவேலாவில் வைரஸ் ஏற்கனவே எங்கோ அமைதியாக இருந்தது. 1976இல் பூச்சி வந்தது. 1980இல் மரங்கள் விழத் தொடங்கின. அதன்பின் அது மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், 1993இல் கியூபா என ஏறி, 1995 நவம்பரில் புளோரிடாவை அடைந்தது. அடுத்து எங்கே என்று வரைபடத்தில் கோடிட்டுக் காத்திருந்தவர்களும் அதைத் தடுக்க முடியவில்லை.

கணக்கெடுப்பின் கொடுமையான பகுதி இனிமேல்தான். சாகும் மரத்தை யாரும் அடையாளம் காணலாம். வாடாமல், நன்றாகக் காய்த்துக்கொண்டே நோயைச் சுமக்கும் மரத்தை என்ன செய்வது? ஃப்ராங்க் மெயர் 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த எலுமிச்சை, அவர் பெயராலேயே வீட்டுத் தோட்டங்களின் செல்லப்பிள்ளையாயிற்று. அதன் உடலில் வைரஸ் இருந்ததும், அது நோயின் சாயல் எதையும் காட்டாததும் 1940களில்தான் தெரிந்தன. மத்திய கலிஃபோர்னியாவில் 1963இல் இதற்கென்றே ஓர் அமைப்பு உருவாகி, தோட்டந்தோறும் மாதிரி எடுத்து, வைரஸ் கண்ட மரங்களை அகற்றியது. அங்கே பல தோட்டங்கள் நோயைத் தாங்கும் வேர்களுக்கு மாறியிருந்தன. அகற்றப்பட்ட மரங்கள் பலவும் பார்வைக்கு நலமானவை. 1979இல் எலைசா என்னும் நிறமாற்றச் சோதனை இந்த வைரசுக்குக் கைவந்தபின், ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சோதிக்க முடிந்தது. கண்டுபிடிக்கும் திறன் கூடியது. காய்க்கும் மரத்தை வெட்டும் நியாயம் அதற்கேற்பக் கூடியதா? பக்கத்துத் தோட்டத்தைக் காக்க என் நல்ல மரம் ஏன் சாகவேண்டும் என்று கேட்ட விவசாயியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கேள்வியின் மறுபக்கம் ஸ்பெயினின் நான்கு கோடி மரங்கள் கிடக்கின்றன. இஸ்ரேலும் மரங்களை அகற்றும் இயக்கத்தைப் பல ஆண்டுகள் நடத்திப் பின் கைவிட்டது.

நம் நாட்டில் இந்த வைரசை வாசுதேவாவும் கபூரும் 1958இல் அன்றைய பம்பாய் மாநிலத்தில் அடையாளம் கண்டார்கள். கண்டது அப்போது, இருந்தது அதற்கு எத்தனையோ காலம் முன்பு. ஆசியாவே எலுமிச்சைக் குடும்பத்தின் தாயகம். வைரசும் பழுப்பு அசுவினியும் இம்மரங்களோடு சேர்ந்தே முதிர்ந்தவை என்று கருதப்படுகிறது. கசப்பு ஆரஞ்சு வேரை நாம் பெரிதாக நம்பியிராததால் தென்னமெரிக்கா கண்ட பேரழிவு இங்கே நேரவில்லை. நம் பங்கு வேறு. ஊறுகாய்க்கும் சாறுக்கும் நாம் பயன்படுத்தும் சிறு எலுமிச்சைதான் இந்த வைரசை மறைக்கத் தெரியாத செடி. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் சந்தேகத்துக்குரிய மரத்தின் துண்டை இந்த இனத்துக் கன்றில் ஒட்டவைத்துக் காத்திருப்பார்கள். நோயிருந்தால் அதன் இளந்தளிரின் நரம்புகளில் சிறுசிறு கோடுகளாக நிறம் வெளிறும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் அக்கோடுகள் ஒளி கசியும். இதைப் படித்த மறுநாள் காலை எங்கள் கொல்லை எலுமிச்சையின் இலைகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது இலையிலேயே கோடுகள் இருந்தன. மரம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காய்க்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பிரேசில் மீண்ட விதத்தைச் சொல்லவேண்டும். அங்கே நோயைத் தாங்கிய வேர்களுள் தோட்டக்காரர்கள் பெரிதும் விரும்பியது, வங்காளத்து ரங்பூரின் பெயரைத் தாங்கிய ஒருவகை எலுமிச்சை. சாவோ பாவ்லோவின் தோட்டங்களிற் பெரும்பான்மை அந்த வேருக்கு மாறின. ஆனால் 'பெரா' என்னும் அவர்களது முதன்மை ஆரஞ்சு வகை, எந்த வேரில் நின்றாலும் கட்டையில் குழி விழுந்து நலிந்தது. கம்பினாஸ் வேளாண் ஆய்வு நிலையத்தின் கோஸ்டாவும் முல்லரும் 1960களில் கணக்கெடுப்பைத் தலைகீழாக்கினார்கள். நோயுற்ற மரத்தைத் தேடாமல், சீரழிந்த தோட்டத்தின் நடுவே ஏன் என்று தெரியாமல் செழித்து நிற்கும் ஒற்றை மரத்தைத் தேடினார்கள். அதன் உடலில் வைரசின் சாதுவான வகை ஒன்று முன்பே குடியேறிக் கொடிய வகையை உள்ளே விடாமல் காத்தது. அந்தச் சாது வகையை வேண்டுமென்றே ஏற்றிய கன்றுகள் 1980க்குள் எண்பது இலட்சத்தைத் தாண்டின. நோயால் நோயைத் தடுத்த அந்த மொட்டுகளிலிருந்துதான் உலகின் மிகப்பெரிய ஆரஞ்சுச்சாறுத் தொழில் பெரிதும் வளர்ந்தது.

ரங்பூர் வேர் ஏறத்தாழ அறுபது ஆண்டு தாங்கியது. 1999இல் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் தென்மேற்கில், பழம் தாங்கிய மரங்கள் திடீரென்று நின்றபடியே உலர்ந்தன. ரங்பூர் வேரில் நின்றவை மட்டும். பக்கத்தில் வேறு வேரில் நின்றவை பசுமையாக இருந்தன. திரிஸ்தேசா வைரசின் ஒரு வகைமீதும் வேறொரு புதிய வைரஸ்மீதும் சந்தேகம் விழுந்தது. கணக்கெடுப்பாளர்கள் மறுபடி தோட்டத்துக்குள் இறங்கி, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே பட்டையைக் கீறினார்கள். உட்புறம் மஞ்சளாக இருந்தது.