வாக்கெடுப்புக்கு வராத பணியிடம்: கேரளத் தமிழ்வழிக் கல்வியும் மானியக் கோரிக்கை ஆய்வும்

கேரளச் சட்டமன்றத்தின் சப்ஜெக்ட் கமிட்டிகளைப் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நிதி ஆட்சி பற்றிய ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. 1980 முதல் அங்கே மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு முன் குழுக்களின் ஆய்வுக்குப் போகின்றன. தமிழ்நாட்டு நடைமுறையோடு ஒப்பிட்டால் இந்தப் புகழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஆய்வு மரபு இன்னொரு படி ஏறி, மொழிச் சிறுபான்மையினரின் கல்விச் செலவும் இவ்வழியே சட்டமன்றத்தின் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது என்று கொள்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, பாலக்காட்டுச் சித்தூர் ஆகிய வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளைப் பொறுத்தவரை இக்கொள்கை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த மரபு தன் முடிவுக்குச் சான்றாக எடுப்பது ஒரே ஒரு கணக்குத் தலைப்பை. பொதுக்கல்விக்கான 2202 என்னும் முதன்மைத் தலைப்பின் கீழ் 05 என்ற எண்ணில் ‘மொழி வளர்ச்சி’ என்றொரு பிரிவு உண்டு. நவீன இந்திய மொழிகளின் வளர்ச்சி, சமற்கிருதக் கல்வி, பிற மொழிக் கல்வி ஆகியவை இதன் சிறுதலைப்புகள். ‘பிற மொழி’ என்றிருப்பதால் தமிழும் கன்னடமும் இதற்குள் அடங்கும், ஆகவே இத்தொகையின் ஏற்ற இறக்கமே அரசின் மனப்போக்கைக் காட்டும் என்று வாசிக்கிறார்கள்.

தலைப்பு எதற்காக வகுக்கப்பட்டது என்று பார்த்தால் இந்த வாசிப்பு தடுமாறும். கணக்குத் தலைப்புகள் நாடு முழுமைக்கும் பொதுவானவை. கேரளத் தமிழரை மனத்தில் வைத்து வகுத்தவை அல்ல. 05இன் கீழ் வருவது மொழியை வளர்க்கும் செலவு. வட்டவடையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் சம்பளம் மொழி வளர்ச்சிச் செலவு ஆகாது. அது தொடக்கக் கல்விச் செலவு. 2202-01இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் என்ற சிறுதலைப்பில், மாநிலம் முழுவதுமுள்ள மலையாளவழி ஆசிரியர்களின் சம்பளத்தோடு ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. உதவிபெறும் பள்ளியானால் பக்கத்துச் சிறுதலைப்பு. உயர்நிலைப் பள்ளியானால் 02. பயிற்றுமொழி என்ற பாகுபாடு இந்த அடுக்கில் எங்கும் இல்லை. 05இல் தொகை இரட்டிப்பானாலும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தமிழ்வழி ஆசிரியர்கூடக் கூடமாட்டார். முற்றிலும் வற்றினாலும் ஒருவர்கூடக் குறையமாட்டார். அளக்க வேண்டிய பொருளை விட்டுவிட்டு அளவுகோலை மட்டும் நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எண்ணத் தோன்றுகிறது.

பணியிடம் உண்மையில் எங்கே தீர்மானமாகிறது? ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில். அன்றைய தலையெண்ணிக்கையை வைத்தே, கேரளக் கல்வி விதிகளின்படி அந்தப் பள்ளியின் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. 1956ஆம் ஆண்டின் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குறிப்பாணை, தொடக்க நிலையில் வகுப்புக்கு 10 பிள்ளைகள் அல்லது பள்ளிக்கு 40 பிள்ளைகள் இருந்தால் தாய்மொழிவழிக் கல்வி தரவேண்டும் என்கிறது. பாலக்காடு நகரத்துப் பள்ளிக்கு 10 என்பது பொருட்டே அல்ல. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு அதுதான் உயிர். ஒரு பேச்சுக்கு, மறையூருக்கு மேலே ஒரு வகுப்பில் பதினொரு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் கொடைக்காக ஊருக்குப் போன இரண்டு குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்ப ஒரு வாரம் தாமதித்தால், எண்ணும் நாளில் வகுப்பில் இருப்பது ஒன்பது. இந்தக் கணக்கைத் திருவனந்தபுரத்தில் எந்தக் கமிட்டியும் பார்ப்பதில்லை. சட்டமன்றம் வாக்களிக்கும் சம்பளத் தொகை முன்கூட்டிய மதிப்பீடு. அதன் உள்ளடக்கம் மலையில் வேறொரு நாளில் முடிவாகிறது.

பணியிடம் நிர்ணயமாகியும் ஆள் வராதபோது நிகழ்வது இன்னும் நுட்பமானது. காலியிடத்துக்கு உரிய சம்பளம் செலவாகாமல் நிற்கும். தினக்கூலி ஆசிரியர் அமர்த்தப்பட்டால் அதில் ஒரு பகுதி அவருக்குப் போகும். மீதி, நிதியாண்டு முடிவதற்குள் அதே மானியத்துக்குள் வேறு செலவுக்கு மாற்றப்படலாம் அல்லது ஒப்படைக்கப்படலாம். ஒரே மானியத்துக்குள் நடக்கும் மறு ஒதுக்கீட்டுக்குச் சட்டமன்ற ஒப்புதல் வேண்டியதில்லை. ஆக, தமிழ்வழிப் பள்ளியின் காலியிடம் மாநிலக் கணக்கில் ‘சேமிப்பு’ என்ற நல்ல பெயரோடு கரைந்துபோகிறது. கல்விக்கான 17ஆம் கோரிக்கையின் பிரம்மாண்டத்தில் அது சில்லறை. தணிக்கையாளர் கண்ணில் படும் அளவுக்கும் அது பெரிதல்ல.

இந்த வாசிப்புக்கு எதிராக வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பயிற்றுமொழி வாரியாகக் கணக்கைப் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது. இதற்குப் பதில் அரசின் கையிலேயே இருக்கிறது. கேரளப் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தமிழ்வழி ஆசிரியர் பணியிடங்களை மாவட்ட வாரியாகத் தனியே அறிவித்து, தனியே தேர்வு நடத்தி, தனியே ரேங்க் லிஸ்ட் வெளியிடுகிறது. ஆளெடுக்கும்போது பிரிக்க முடிந்ததைப் பணம் ஒதுக்கும்போது பிரிக்க முடியாது என்பது ஏற்கத்தக்கதாக இல்லை. பாலினம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தோடு தனி அறிக்கைகளை இதே மாநிலம் வெளியிட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளிகள் உள்ளாட்சிகளிடம் போய்விட்டன, ஆகவே சட்டமன்றத்தைக் கேட்டுப் பயனில்லை என்போர் உண்டு. கட்டடம் போனது, சம்பளம் போகவில்லை. எல்லைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் அவையில் பேசுகிறார்களே என்பது இன்னொரு வாதம். 2021இல் தேவிகுளம் உறுப்பினர் அ. ராஜா தமிழில் ஏற்ற உறுதிமொழியில் வாசகக் குறை இருந்ததால் மறுபடி ஏற்க நேர்ந்தது. அது இரு மாநிலங்களிலும் செய்தியாயிற்று. உறுதிமொழியின் ஒரு சொல்லுக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் பாதியாவது மானியக் கோரிக்கைக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

குழுமுறையின் அமைப்பும் இங்கே கைகொடுப்பதில்லை. குழுவின் தலைவர் துறையின் அமைச்சரே. கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே என்ற நிலை. அதைவிட முக்கியம், பொருள் சிதறிக் கிடப்பது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை ஆறாம் குழுவின் கல்வியில் இருக்கிறாள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததும் தொழிலாளர் மற்றும் திறன் துறைக்கு, அதாவது ஏழாம் குழுவுக்கு மாறிவிடுகிறாள். தமிழில் படித்தவள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தொழிற்பாடத்தை எதிர்கொள்ளும் அந்த ஒரு கட்டம் இரண்டு குழுக்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

வரியை இத்தோடு சேர்த்துப் பார்ப்பது சிலருக்கு வலிந்து கொண்டுவருவதாகப் படலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயதுக்குட்பட்ட தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேலிருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதரும் பொறுப்பை முதலாளிமேல் சுமத்த மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. தோட்டமும் பள்ளியும் சட்டத்தின் பார்வையில் தொடக்கம் முதலே ஒரே கணக்குதான். 2018 ஜூனில் முதலமைச்சர் பினராயி விஜயன் தோட்டத் துறைக்கான சலுகைகளைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்: தோட்ட வரி நீக்கம், விவசாய வருமான வரி நிறுத்திவைப்பு, லயங்களுக்குக் கட்டட வரி விலக்கு. நலிந்த துறைக்கு அவை தேவைப்பட்டிருக்கலாம். அதை மறுக்கும் நோக்கம் இங்கில்லை. ஆனால் மானியக் கோரிக்கை என்பது செலவுக்குத்தான். வாங்காமல் விட்ட வரி எந்தக் கோரிக்கையிலும் வராது. அதற்கு வெட்டுத் தீர்மானமும் கொண்டுவர முடியாது. முதலாளிக்கு விட்டுக்கொடுத்த தொகையையும், அதே மலையில் அரசு ஏற்ற பள்ளிச் செலவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் இடம் அவையில் இல்லை. ஒன்றிய அரசு 2006-07 முதல் கைவிட்ட வருவாயை அறிக்கையாக வைக்கிறது. அதன் கணக்கீட்டு முறை குறித்து விவாதம் உண்டென்றாலும், விவாதிக்கப் பொருளாவது இருக்கிறது.

ஆகவே 2202-05இன் தொகையை வைத்துக் கேரளத் தமிழர் கல்வியை மதிப்பிடும் ஆய்வுகளை இனிச் சான்றாகக் கொள்வதற்கில்லை. கல்விக் குழு கூடுமுன் அதன் மேசையில் ஒரு பக்க அட்டவணை போதும்: இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலியால் மிஞ்சிய சம்பளம் எவ்வளவு. இவற்றில் முதல் இரண்டு எண்கள் கல்வித் துறையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது வெறும் கழித்தல்.