புதுமண்டபமும் அங்காடியும்



ஆலயம் வேறு, அங்காடி வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம் முன்னோர் மரபன்று. ஆலவாய் அண்ணல் நிகழ்த்தியருளிய 64 திருவிளையாடல்களைப் பரஞ்சோதி முனிவர் பாடினார். அவற்றுள் பெருமான் வணிகனாகவே எழுந்தருளிய படலங்கள் உண்டு. மாணிக்கம் விற்றான், வளையல் விற்றான், பாணபத்திரன் பொருட்டு விறகுச் சுமையைத் தலையில் தாங்கி மதுரைத் தெருக்களில் விலை கூறினான். பெரியபுராணத்தில் வரும் அமர்நீதி நாயனாரும் பழையாறையில் வாழ்ந்த வணிகரே. ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் முழுவதையும் தராசில் வைத்து, ஈற்றில் மனைவி மைந்தருடன் தாமும் ஏறி நின்றார். தராசுத் தட்டே அவருக்கு முத்தி வாயிலாயிற்று.

மதுரை மாநகரின் கடைத்தெருச் சிறப்பும் பழமையானதே. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் அங்கே நடந்ததை மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி கூறுகிறது. கோயிலை நடுவே வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக அமைந்த நகரில், தேர் ஓடும் வீதியே வணிகம் ஓங்கும் வீதியுமாயிற்று.

அந்நகரில், அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் எழுப்பியது புதுமண்டபம். வைகாசி வெம்மையில் சுவாமியும் அம்மையும் குளிர்ந்து வீற்றிருக்க வேண்டுமென்று எழுந்த வசந்த மண்டபம் அது. சுற்றிலும் நீர் நிறைந்து நிற்கும்படி அமைத்தார்கள். நீளம் ஏறத்தாழ 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசைகளாக நிற்கும் தூண்களில் மீனாட்சி திருக்கல்யாணம், ஊர்த்துவ தாண்டவம், காளி, இராவணன் கயிலையெடுத்த காட்சி, நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்கள் எல்லாம் கல்லில் உயிர்பெற்று நிற்கின்றன.

காலம் சென்றது. அரசு மாறியது. மண்டபத்துக்குள் கடைகள் வந்தன. தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஆகிய எல்லாம் அங்கே கிடைத்தன. தூண்களின் அடியில் தையல் இயந்திரங்களுடன் அமர்ந்திருந்த தையற்கலைஞர்கள் சித்திரைத் திருவிழாவில் நேர்த்திக்கடன் செலுத்துவோருக்கு வேடத்துணிகள் தைத்துக் கொடுத்தார்கள். ஆதலின் அவர்களை ஆக்கிரமித்தவர் என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் முறையாகாது. அவர்கள் கைவினையும் ஒருவகைத் திருத்தொண்டே.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஏறத்தாழ 300 கடைகளின் பலகைகளும் துணிமூட்டைகளும் சிற்பங்களை மறைத்துவிட்டன. கல்லில் கட்டிய கயிறும் அடித்த ஆணியும் சிற்பியின் உழைப்பைச் சிறுகச் சிறுக அழிக்கும் அல்லவா? சுவாமி எழுந்தருள வேண்டிய இடத்தில் சரக்கு எழுந்தருளியிருந்தது.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் கருகின. மண்டபத்தின் மேற்கூரை சரிந்தது. கல்லுக்குத் தீயால் கேடில்லை என்று எண்ணியிருந்தோம். வெப்பத்தால் கருங்கல்லும் வெடிக்கும் என்பதை அந்த இரவு காட்டியது. கோயிலுக்குள் கடைகள் கூடாதென்ற குரல் அதன்பின் வலுத்தது. பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் அருகிலிருந்த குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகமாகப் புதிதாய்க் கட்டப்பட்டு, புதுமண்டபத்துக் கடைக்காரர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டது.

இது நியாயமா என்று கேட்கிறார்கள். மண்டபம் சுவாமிக்குத் திரும்புவது நியாயமே. ஆனால் நியாயம் அங்கே முடிந்துவிடுவதில்லை. கடைக்குச் சுவர் கட்டிக் கொடுக்கலாம்; வாடிக்கையைக் கட்டிக் கொடுக்க இயலாது. கோயிலுக்கு வருவோர் காலடி படும் வழியில் இருந்த கடை, சற்று விலகி மாடியேறினாலும் வாணிபம் குன்றும். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடிப்பித்தபோது, இடித்தவர்க்கே அந்நிலத்தில் வீடு கட்ட உரிமை தந்தார். வெளி வீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வாறு எழுந்தவை. பழையதை நீக்குங்கால் அதனால் பாதிக்கப்படுவோர் புதியதில் பங்கு பெறவேண்டும் என்பது அதனால் விளங்கும்.

எஞ்சிய பங்கு அடியார்களாகிய நம்முடையது. அம்மையைத் தரிசித்தபின், ஐம்பதடி கூடுதலாக நடந்து அந்தத் தையற்கலைஞரிடமே நேர்த்தித் துணி தைப்பதும், அவரிடமே குங்குமச் சிமிழ் வாங்குவதும் புண்ணியமே. நாம் நடக்காவிட்டால் அந்தக் கைத்தொழில் ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். தூணைக் காத்துத் தொண்டரைக் கைவிட்டால் திருப்பணி பாதியே முடிந்ததாகும்.

இதை நான் போடிநாயக்கனூர் அன்பர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று நம் ஊர். போடிமெட்டுச் சரிவுகளில் விளையும் ஏலக்காய் நம் ஊரில் ஏலம் போகிறது. 1928இல் வந்த இரயில் நம்மை மதுரையோடு இணைத்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் முடிவில் நின்று, 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் வந்தது. ஆகவே சரக்கும் சந்தையும் நமக்குப் புதியன அல்ல. பரமசிவன் மலைக்கோயிலுக்குச் செல்லும் வழியிலும், ஒவ்வொரு கோயில் வாசலிலும், திருவிழாவை நம்பிப் பூவும் தேங்காயும் விற்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளை நம் சன்னிதித் தெருவையும் அகலப்படுத்த நேரலாம். அப்போது அளவுகோலை முதலில் தெருவில் வைக்காதீர்கள். அங்கே அமர்ந்திருப்பவரின் பிழைப்பில் வையுங்கள். அவருக்கு இடம் குறித்தபின் கல்லைப் பெயர்க்கலாம்.

விறகு விற்ற பெருமான் எந்தக் கடையில் எந்த வேடத்தில் அமர்ந்திருப்பானென்று யார் அறிவார்?

திருச்சிற்றம்பலம்.