ஜாவாவில் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்

ஓர் ஆப்ஜெக்ட் தன் வேலைக்குத் தேவையான பிற ஆப்ஜெக்டுகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து பெறும் முறை இது. முசிறியில் கோரைப்பாய் விற்கும் கடைக்கு ஒரு பில்லிங் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். பில் போடும் கிளாஸ் தனக்குள்ளேயே ஆரக்கிள் தரவுத்தள இணைப்பை உருவாக்கினால், அதைச் சோதித்துப் பார்க்கவும் ஆரக்கிள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொண்டால் சோதனைக்குப் போலி இணைப்பே போதும். எதை எதனிடம் கொடுப்பது என்பதை ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்.

2000களின் தொடக்கத்தில் ஜாவா சர்வரில் ஓடும் இஜேபி கூறுகள் தமக்கு வேண்டியதை ஜேஎன்டிஐ என்ற பெயர்ப் பட்டியலில் பெயர் சொல்லித் தேடி எடுத்தன. சர்வரை ஏற்றாமல் அவற்றைச் சோதிப்பது பெரும்பாடு. ராட் ஜான்சன் 2002இல் எழுதிய ஜே2இஇ நூல் இதற்கு மாற்று வழி காட்டியது. அந்நூலின் நிரல்களிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலரின் கட்டுரை டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரைப் பரப்பியது.

தொடக்க கால ஸ்பிரிங்கில் எந்தக் கூறை எதனுடன் இணைப்பது என்பதெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில்தான். நிரலைத் தொடாமல் கூறுகளை மாற்ற முடிந்தது உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனால் கிளாஸ் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் கண்டுபிடிக்காது. நிரலை ஓடவிட்ட பிறகே பிழை தெரியும். 2007இல் கூகுளின் ஜூஸ் (Guice), ஸ்பிரிங் 2.5 இரண்டும் அனோடேஷன் வழியே இணைப்பை ஜாவாவுக்குள் கொண்டுவந்தன. 2009இல் ஜேஎஸ்ஆர் 330 அதற்குப் பொது இலக்கணம் வகுத்தது.

ஸ்பிரிங்குக்கு வெளியேயும் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. இலங்கையில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தன் கார்பன் தளத்தை ஓஎஸ்ஜிஐ என்ற ஜாவா கூறு முறையின் மீது கட்டியது. அதன் பழைய நிரல்களில், எந்தச் சேவை தேவை, அது கட்டாயமா, வந்ததும் எந்த மெத்தடை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் ஜாவாடாக் குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கும். பில்டு நேரத்தில் மேவன் பிளக்இன் அதை எக்ஸ்எம்எல்லாக மாற்றும். சேவை கிடைத்ததும் பைண்ட் மெத்தட் ஓடும். விலகும்போது அன்பைண்ட் ஓடும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேவை வந்து போகலாம் என்பதை இணைப்பிலேயே கணக்கில் எடுத்தது இதன் தனிச் சிறப்பு.

மீண்டும் ஸ்பிரிங்குக்கு வருவோம். தேவையானதை ஃபீல்டில் நேரடியாகச் செலுத்துவது எழுதச் சுலபம். ஆயினும் கிளாஸுக்கு என்னென்ன வேண்டும் என்பதை அது மறைத்துவிடுகிறது. கன்ஸ்ட்ரக்டர் வழியே மேலானது. ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஆட்டோவயர்டு அனோடேஷனே வேண்டாம் என்று ஸ்பிரிங் 4.3 2016இல் எளிதாக்கியது. ஒன்றையொன்று சார்ந்து வட்டமடிக்கும் பீன்களை, அதாவது ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்டுகளை, 2021இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 இயல்பாகவே தடுத்தது. 2022 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் 6, கிரால்விஎம் நேட்டிவ் நிரல்களுக்காக இணைக்கும் வேலையின் பெரும்பகுதியைப் பில்டு நேரத்துக்கே நகர்த்தியது.