பார்க்கத்தகுந்த இடங்கள்

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. சுருளி அருவி, மேகமலை, குரங்கணி, டாப் ஸ்டேஷன், தேக்கடி ஏரி, வைகை அணை. வரிசை மாறலாம், 'இயற்கை எழில் கொஞ்சும்' என்ற அடைமொழி மாறுவதில்லை. இப்பட்டியலில் பாதிக்கு மேல் இயற்கை அல்ல, யாரோ செய்துவிட்டுப்போன வேலை என்பதைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன். வேலை நடக்கும்போது அது காட்சியாக இருப்பதில்லை. வேலை நின்று, செய்தவர்கள் மறக்கப்பட்ட பிறகே காட்சியாகிறது. இது சுற்றுலாத் துறையின் பிரச்னை மட்டுமல்ல. மலையையும் மூடுபனியையும் வைத்துக் கவிதை எழுதும் நம்முடைய பிரச்னையும்கூட.

தேக்கடியிலிருந்து தொடங்கலாம். எல்லைக்கோட்டின்படி அது கேரளத்தில் இருந்தாலும், இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் தொடங்கும் இடம் அதுதான். அங்கே படகில் போகிறவர்கள் அதிகமாகப் படம் எடுப்பது தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களை. கறுத்து, கிளையிழந்து, ஏதோ நவீன சிற்பம்போல் நிற்கின்றன. அவை 1895ல் பெரியாறு அணை நிரம்பியபோது நின்ற நிலையில் மூழ்கிச் செத்த ஒரு காட்டின் மிச்சம். ஏரியும் அணையின் விளைவுதான். 130 வருஷங்களில் ஒரு நீர்த்தேக்கம் 'ஏரி'யாகி, செத்த காடு 'அழகு' ஆகிவிட்டது.

அந்த அணையின் கதை தெரிந்ததுதான், ஆனாலும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் நதி. மலைக்கு இப்பால் கிழக்கே இருப்பது மழை மறைவுப் பிரதேசம். 1876லிருந்து 1878வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, நதியைத் திருப்பும் பழைய யோசனைக்கு அவசரம் வந்தது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1887ல் வேலை துவங்கி, பென்னிகுயிக்கின் பொறுப்பில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையில் அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். மேற்கே போகவேண்டிய தண்ணீர் 1895 அக்டோபரில் கிழக்கே இறங்கியது.

மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. பென்னிகுயிக்குக்கு 2013ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் வந்தது, அது நியாயமே. இந்தப் பக்கத்து வீடுகளில் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். ஆனால் கூலிகளுக்கு எஞ்சியிருப்பது ஊரின் பெயர் மட்டும்தான். லோயர் கேம்ப் என்றால் கீழ் முகாம். முகாம் என்றால் அங்கே ஆட்கள் தங்கியிருந்தார்கள் என்று பொருள். பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிற யாருக்கும் இப்போது அது கேட்பதில்லை.

திட்டத்தின் முதன்மை நோக்கம் மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்கள். கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீர் போகிற வழியில் இருந்தது. இன்று ரோட்டின் இருபுறமும் பார்த்து வியக்கிற பச்சை இந்தத் தண்ணீரால்தான் இவ்வளவு தூரம் நீண்டது. அரசு ஆவணங்களில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு: லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர், இருபோகம். ஒவ்வொரு ஜூனிலும், அணையில் தண்ணீர் இருந்தால், இந்த எண்ணைச் சொல்லித்தான் மதகைத் திறக்கிறார்கள். என் உத்தியோகத்தில் நிலம் எனக்கு அறிமுகமாவது இந்த பாஷையில்தான்: சர்வே எண், நஞ்சை, புஞ்சை, அடங்கல், முதல்போகம், இரண்டாம்போகம். இந்த பாஷைக்கு ரசனை கிடையாது. ஆனால் இது ஒன்றை மறைப்பதில்லை: பச்சைக்கு ஒரு தேதி உண்டு, ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு ஒரு பெயர் உண்டு. பழனிசெட்டிபட்டியில் முல்லையாற்றின் குறுக்கே உள்ள தடுப்பணை எந்தப் பட்டியலிலும் இல்லை. பள்ளத்தாக்கின் கணக்கு அங்கே முடிகிறது.

அருவியும் அப்படித்தான். மேகமலையின் நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீரில் 1978லிருந்து சுருளியாறு மின்நிலையம் ஓடுகிறது. மழையில்லாத மாதங்களில் சுருளியில் தண்ணீர் விழ வேண்டுமானால் மேலே தூவானம் அணையில் யாராவது திறந்துவிட வேண்டும். மேகமலையின் சரிவுகளை வெல்வெட் என்று வர்ணிக்கிறார்கள். வெட்டிய சோலைக்காட்டின் இடத்தில் நட்டு, வாரம் தவறாமல் பெண்கள் கை கிள்ளிக் கிள்ளி ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்திருக்கும் தேயிலை அது. 2009ல் மேகமலை வன உயிரினச் சரணாலயம், 2021ல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அரசு அறிவித்தது. காட்டை முதலில் எஸ்டேட் ஆக்கி, பிறகு மிச்சத்தைக் காடாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு தீர்மானங்களுக்கும் நடுவில் தேயிலை கிள்ளுகிறவர்களின் லயம் இருக்கிறது. படங்களில் அது வருவதில்லை.

எல்லாவற்றையும்விடத் தெளிவான உதாரணம் டாப் ஸ்டேஷன். காட்சிமுனை என்றால் இன்று அதுதான். என்ன ஸ்டேஷன் அது? மூணாறு எஸ்டேட்களின் தேயிலையைக் கொண்டுவர 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. 1908ல் அது சிறு ரயிலாயிற்று. அது வந்து நின்ற உச்சிதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டியில் போடிநாயக்கனூர். பிறகு துறைமுகம், கப்பல். 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மதுரை–போடி ரயில் 1928ல் வந்து, 2010 கடைசியில் நின்று, அகலப்பாதையாகி 2023ல் திரும்பியது. தேயிலைக்கு அதில் வேலை இல்லை. உச்சியில் பெயர் மட்டும் மிஞ்சியது. சரக்கு இறங்கிய பள்ளத்தை இப்போது கண்கள் இறங்குகின்றன.

இது வெறும் பெயராராய்ச்சி என்று தோன்றலாம். 2018 மார்ச் 11க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. மலையேறப் போயிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நகரங்களிலிருந்து வந்தவர்கள். தூக்கிவரப் போனவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். இறந்தவர்கள்மேல் பழி சொல்வது அற்பம். அவர்களுக்கு அந்த மலை ஒரு காட்சியாகத்தான் தரப்பட்டிருந்தது. மார்ச் மாதத்துப் புல் என்றால் என்ன என்பது அந்தச் சரிவில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும். காட்சிக்கு மாதம் கிடையாது.

மலையை இப்படிப் பார்க்க நாம் எங்கே கற்றோம்? இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் 1782ல் வை நதிப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகம் ஒரு தலைமுறைக்கே இயற்கையை ஓவியமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அக்காலத்துப் பயணிகள் சாயம் பூசிய ஒரு குவிகண்ணாடியைக் கூடவே கொண்டுபோனார்கள். மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அந்தக் கண்ணாடியில் விழும் மலையை ரசிப்பார்கள். இன்று டாப் ஸ்டேஷன் விளிம்பில் கைபேசியை நீட்டி, மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் புதுக்கவிதைகளில் பலவற்றில் மலை அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. மூடுபனி வருகிறது, தனிமை வருகிறது, ஒரு பறவை வருகிறது. ஏலக்காய்ச் சுமை வருவதில்லை.

நம்முடைய பழைய கவிதை இதைச் செய்யவில்லை என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். குறிஞ்சியில் மலை இருக்கிறது; ஆனால் தினைப்புனம் காக்கிற பெண் இல்லாமல், கவண்கல் இல்லாமல், தேனெடுக்கிறவன் இல்லாமல் இல்லை. தொழிலைக் கருப்பொருள் என்று வைத்தார்கள்; அலங்காரமாக அல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வானேறியதைப் பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். பார்த்ததைப் போய்ச் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அங்கே வேலையாக இருந்ததால் பார்த்தார்கள். காட்சி அவர்களிடத்தில் சாட்சியாயிற்று. அந்த மலை கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி மலைதான் என்று இப்பக்கத்தில் நம்புகிறார்கள். அது சரியா என்பது வேறு விசாரணை. இரண்டு மாநிலங்களின் எல்லைத் தகராறில் அந்தக் கோயில் வருஷத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் ஜனங்களுக்குத் திறக்கிறது.

இப்படியெல்லாம் தெரிந்துகொண்டால் அழகு கெட்டுவிடாதா என்று கேட்கலாம். கெடாது என்றே நினைக்கிறேன். பட்டமரங்களின் வயது தெரிந்தவனுக்கு அவை இன்னும் அழுத்தமாகத் தெரிகின்றன. கெடுவது ஒன்றுதான்: பார்ப்பதோடு நம் பொறுப்பு முடிந்தது என்ற சௌகரியம்.

பள்ளத்தாக்கில் இருக்கிறவர்கள் தினமும் பார்க்கிற காட்சி வேறு. அது தினசரியின் உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் வருகிறது: பெரியாறு அணை நீர்மட்டம், வரத்து, திறப்பு. 1979ல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டு, 2014ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 142க்கு உயர்ந்த மட்டம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே எண்ணைப் பயத்தோடு படிக்கிறார்கள். இந்தப் பக்கம் நாற்றங்கால் போடலாமா என்று படிக்கிறார்கள். அந்த எண்ணையும் மலையையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கவிதை நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை.