கேன்டீனுக்குக் கீழே ஒரு வானொலி

கே.சி.ஆர்.டபிள்யூ. என்று சொன்னால் லாஸ் ஏஞ்சலஸில் பலருக்கும் பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். நான் கணக்கெழுதிப் பிழைத்தவன். எனக்கு அந்த வானொலியின் கதை சொத்து வரியின் கதை.

அது சான்டா மோனிகா கல்லூரியின் நிலையம். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கல்லூரியை சமுதாயக் கல்லூரி என்பார்கள். இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் அதிகம். கட்டணம் குறைவு, மீதியை உள்ளூர்க்காரர்களின் வரிப்பணம் பார்த்துக்கொண்டது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையம் தொடங்கியது 1945-இல். போர் முடிந்து சிப்பாய்கள் திரும்புகிறார்கள். அவர்கள் படிப்புக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது. எஃப்.எம். அப்போது புதுத் தொழில்நுட்பம். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் கல்லூரி ஒலிபரப்பில் இறங்கியது. 'காலேஜ் ரேடியோ வொர்க்‌ஷாப்' என்பதன் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயர். பட்டறை என்றுதான் வைத்தார்கள், பட்டறையாகத்தான் நடந்தது.

அதே 1945-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம். வரிசை முழுவதையும் இடம் பெயர்த்தது. அதுவரை ஐம்பது மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை 88-க்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். வீடுகளில் இருந்த சில லட்சம் எஃப்.எம். பெட்டிகள் வெறும் மரப்பெட்டிகளாயின. எஃப்.எம்.மைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு வழக்குகளில் பணமும் மனமும் கரைந்து 1954-இல் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு நேர்ந்தது அநியாயம். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு நல்லதும் நடந்தது. 88 முதல் 92 வரையிலான பகுதியை, விளம்பரம் போடாத கல்வி நிலையங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். கார் ரேடியோவில் முள்ளை இடது ஓரத்துக்குத் தள்ளினால் கல்லூரிகளும் தேவாலயங்களும் வருவது இதனால்தான். கே.சி.ஆர்.டபிள்யூ. உட்கார்ந்திருப்பது 89.9-இல். வணிக நிலையங்கள் அந்த இடத்தை விலை கொடுத்தும் வாங்க முடியாது.

அடுத்த முப்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1967-இல் அதிபர் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1971-இல் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். ஒலிக்கத் தொடங்கியது. 1977-இல் ரூத் ஹிர்ஷ்மன் என்கிற பெண்மணி ஆலோசகராக வந்து பார்த்தபோது, நிலையம் ஒரு நடுநிலைப் பள்ளியின் விளையாட்டுத் திடலை ஒட்டிய இரண்டு வகுப்பறைகளில் இருந்தது. ஒலிபரப்புக் கருவியோ அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய வயதில் இருந்தது.

ரூத் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இத்திஷ் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் சீமோர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஊர் அவரை ரூத் சீமோர் என்றே அறியும். கே.சி.ஆர்.டபிள்யூ.வுக்கு வரும் முன் அவர் கே.பி.எஃப்.கே.யில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அது பசிஃபிகா குழுமத்தின் நிலையம். கேட்பவர்களே பணம் கொடுத்து வானொலி நடத்துவது என்ற வழக்கத்தை 1949-இல் பெர்க்லியில் தொடங்கி வைத்தவர்கள் பசிஃபிகாக்காரர்கள். ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து கூச்சமில்லாமல் காசு கேட்கும் வித்தையை ரூத் அங்கே பார்த்திருந்தார்.

அந்த வித்தை சீக்கிரமே தேவைப்பட்டது. 1978 ஜூனில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் பதின்மூன்றாவது முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டை விற்காதவரை அந்த மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். உள்ளூர் சொத்து வரியில் ஓடிக்கொண்டிருந்த பள்ளி, நூலகம், சமுதாயக் கல்லூரி எல்லாவற்றுக்கும் மடை அடைபட்டது. (நானும் இங்கே வீடு வாங்கியவன். பக்கத்து வீட்டு மூதாட்டி என்னுடைய வரியில் சிறு பங்குதான் கட்டுகிறார். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் பிரியம் கிடையாது.)

அதே வருடம் ரூத் மேலாளரானார். வரியாக வராத பணத்தை அன்பளிப்பாக வாங்குவது என்று இறங்கினார். வருடத்தில் சில நாட்கள் நிகழ்ச்சிகளை நிறுத்தி நிறுத்தி, தொலைபேசி எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கேட்பது. கொடுத்தவர்களுக்கு உறுப்பினர் அட்டை, அதைக் காட்டினால் ஊர் உணவகங்களில் கடைகளில் தள்ளுபடி. திருநெல்வேலியில் என் அப்பா ரேடியோ லைசென்ஸுக்குத் தபாலாபீஸில் பணம் கட்டுவார். கட்டாவிட்டால் அபராதம். இங்கே கட்டாமலும் கேட்கலாம், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பணம் கேட்கவேண்டுமானால் கேட்கும் ஆள் வேண்டும். 1979 நவம்பரில் என்.பி.ஆர். 'மார்னிங் எடிஷன்' என்ற காலைச் செய்தித் தொகுப்பைத் தொடங்கியது. நியூயார்க்கில் விடியும்போது இங்கே நடு இரவு தாண்டிய நேரம். ரூத் அந்த நிகழ்ச்சியை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினார். இந்த ஊரில் எவன் எத்தனை மணிக்குக் காரை எடுத்தாலும் செய்தி காதில் விழும். அதன் பின்னாலேயே 'மார்னிங் பிகம்ஸ் எக்லெக்டிக்' என்ற இசை நிகழ்ச்சி. டாம் ஷ்னாபெல் பதினோரு வருடம் நடத்தினார். ஆப்பிரிக்கா, பிரேசில், ஜாஸ் என்று எதையும் எதோடும் சேர்ப்பார். அவருக்குப் பிறகு வந்த கிறிஸ் டூரிடாஸ் 1993-இல் பெக் என்ற, அன்றைக்கு யாரும் அறியாத பையனை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பாடவைத்தார். 1987-இல் சின்க்ளேர் லூயிஸின் 'பாபிட்' நாவலை, நடிகர்கள் கூடி வாசிக்க, ஒரு வரி விடாமல் பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஒலிபரப்பினார்கள். எந்த விளம்பரதாரர் இதற்கு ஒப்புவார்?

இதில் பெரும்பகுதி நடந்த இடம் கல்லூரி கேன்டீனுக்குக் கீழே இருந்த நிலவறை. 1984-இல் அங்கே குடிபெயர்ந்தவர்கள், முப்பது வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தது 1991-இல். மறு வருடம் ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் நால்வரும் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்ப்பு வந்தது. ஊர் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தொலைக்காட்சியைப் போட்டால் ஹெலிகாப்டரிலிருந்து நெருப்பு. அந்தக் கலவரத்தை ஒட்டி கே.சி.ஆர்.டபிள்யூ. 'விச் வே, எல்.ஏ.?' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. வாரன் ஓல்னி என்ற பழைய தொலைக்காட்சிச் செய்தியாளர் நடத்தினார். சண்டைக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்து, குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்பார். நான் இந்த ஊரை யார் ஆள்கிறார்கள், எந்தத் தெரு யாருடையது என்று கற்றுக்கொண்டது பத்தாம் எண் ஃப்ரீவேயில் நகராத காருக்குள், அவர் குரலில்தான்.

இத்தனைக்கும் நடுவில் மாணவர்கள் எங்கே போனார்கள்? பட்டறையிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, தொழில்முறை ஆட்கள் உள்ளே வந்தார்கள். ரூத்தின் மேல் இந்தக் குறை உண்டு, நியாயமான குறை. தப்பும் தடுமாற்றமுமாகப் பேசிப் பழகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு யாரும் காசோலை அனுப்ப மாட்டார்கள். வரிப்பணம் இருந்தபோது அவன் தடுமாற இடம் இருந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

பசடீனாவில் இன்னொரு விதமாக நடந்தது. பசடீனா நகரக் கல்லூரியும் 1957 முதல் ஒரு நிலையம் வைத்திருந்தது, பின்னாளில் கே.பி.சி.சி., 89.3. கல்லூரி உரிமத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை 2000-இல் மினசோட்டா பொது வானொலியின் கிளை அமைப்பிடம் ஒப்படைத்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட மாதிரி. 2023-இல் அது 'எல்ஏஇஸ்ட்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. கல்லூரியின் சாயல்கூட இல்லை. சான்டா மோனிகாவிலோ கல்லூரியே புதுக் கட்டடம் கட்டி, நிலவறையிலிருந்து நிலையத்தை மேலே கொண்டுவந்தது.

ரூத் 2010-இல் ஓய்வு பெற்றார், 2023 டிசம்பரில் காலமானார். 2025 ஜூலையில் வாஷிங்டன், பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறுபடியும் கேட்பவர்களிடம்தான் போய் நிற்கிறார்கள். 1978-ஐ இவர்கள் சமாளித்தவர்கள்தானே என்று சிலர் சொல்கிறார்கள். அன்றைக்குக் காரில் ரேடியோவை விட்டால் கேசட்தான். இன்றைக்கு என் மகள் அதே ஃப்ரீவேயில் அதே நெரிசலில் போனைக் காரோடு இணைத்துவிடுகிறாள். அவளுடைய காரில் 89.9 எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், திரையில் மூன்று இடம் தட்டிய பிறகுதான் எஃப்.எம். என்ற எழுத்தே வந்தது.