இசைத்தட்டில் இல்லாத தீவு



பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், வாத்தியங்களைப் பைகளில் இட்டுச் சுமந்தவாறு வள்ளலை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்தோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, தூம்பு, குழல் என்று கருவிகளின் பட்டியலே அங்கு உண்டு. வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் இன்னொரு கூட்டத்தின் பயணம் என் நினைவுக்கு வரும். 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, டமஸ்கஸ், காபூல், டில்லி, சென்னை என்று பல நகரங்களில் வாசித்து, நமது இலங்கைக்கும் வந்துபோன டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவே அது. அப்பயணத்தின் பயனாக ஓர் இசைத்தட்டு பிறந்தது. 'தூர கிழக்குக் கோவை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது மீண்டும் மீண்டும் வினைல் தட்டாக அச்சிடப்படுகிறது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கொடை. மூவர் நால்வர் சேர்ந்தும் வாசிக்கலாம். பதினைந்து பேர் சேர்ந்தும் வாசிக்கலாம். பின்னதை 'பிக் பாண்ட்' என்பர். அதைப் 'பெரிய மேளம்' என்று மொழிபெயர்த்தால் நம்மவர்க்கு நாதஸ்வரமும் தவிலுமே கண்முன் நிற்கும். அந்த மயக்கம் முழுவதும் பிழையானதல்ல. இரண்டிலும் முன்பே வகுத்த உருப்படி உண்டு. அந்த வேளையில் கற்பனையில் ஊறிவருவதும் உண்டு. கூட்டமாக வாசிக்கையிலும் இன்னாருடைய நாதம் இது என்று கேட்பவர் இனங்கண்டுகொள்வர். எலிங்டன் வாத்தியத்துக்கு இசை எழுதவில்லை, வாசிக்கும் மனிதனுக்கு எழுதினார் என்று சொல்வார்கள். 1927 இல் அவரிடம் சேர்ந்த ஹரி கார்னி, 1974 இல் எலிங்டன் மறையும்வரை அந்தக் குழுவை விட்டு நீங்கவில்லை. அத்தகைய உறவிலிருந்து வந்த இசை அது.

1963 ஆம் ஆண்டுப் பயணத்தை ஒழுங்குசெய்தது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம். அது பனிப்போர்க் காலம். சுதந்திர நாட்டின் தூதுவர்களாக ஜாஸ் கலைஞர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்புவது அக்காலத்து வழக்கம். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் 28 இல்தான், சம உரிமை கேட்டு இலட்சக்கணக்கானோர் வாஷிங்டனில் திரண்டனர். செப்டெம்பர் 15 இல், பேர்மிங்ஹாம் நகரத் தேவாலயமொன்றில் வைக்கப்பட்ட குண்டுக்குக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் பலியாயினர். அப்போது எலிங்டனின் குழு கீழைத்தேயத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. வீட்டில் மறுக்கப்பட்ட ஒன்றுக்கு வெளியில் சாட்சியாக நிற்க வேண்டிய நிலை. நவம்பர் 22 இல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துருக்கியை அடைந்திருந்த குழுவின் பயணம் அத்தோடு முடிவுக்கு வந்தது.

கேட்ட இசையை உடனே பிரதிபண்ண எலிங்டன் விரும்பவில்லை. உள்ளே ஊறவிட்டார். 1964 இல் சில பகுதிகள் மேடையேறின. 1966 டிசெம்பரில்தான் முழுக் கோவையும் நியூயோர்க்கில் ஒலிப்பதிவாயிற்று. அவரும் அவரது இணை இசையமைப்பாளரான பில்லி ஸ்ட்ரேஹோர்னும் சேர்ந்து உருவாக்கிய கடைசிப் பெரும் படைப்புகளில் இதுவும் ஒன்று. 1967 இல் தட்டு வெளிவந்தது; அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்ட்ரேஹோர்ன் காலமானார். மறு ஆண்டு அத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஒன்பது உருப்படிகள். டில்லியில் கேட்ட மைனாவின் குரலை ஜிமி ஹமில்டனின் கிளாரினெட் திரும்பச் சொல்கிறது. ஆக்ராவுக்கு ஒன்று உண்டு. ஈரானின் இஸ்பஹானுக்கு ஒன்று, லெபனானின் ஹரிஸா மலைக்கு ஒன்று. அடுத்த ஆண்டு சென்ற யப்பானுக்கும் ஒன்று உண்டு. இலங்கையின் பெயரில் ஒன்றுமில்லை. சென்னைக்கும் இல்லை.

இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கும் சிறு மனக்குறை ஏற்பட்டது உண்மை. பின்னர் இரண்டு செய்திகள் அதை ஆற்றின. ஒன்று, தட்டின் தலைப்பு. அதில் வரும் இடங்களுள் யப்பானைத் தவிர வேறெதுவும் தூர கிழக்கு அன்று, மேற்காசியாவும் தென்னாசியாவுமே. நியூயோர்க்கில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாமே ஒரே தூரம் போலும். மற்றையது, யாவரையும் கவர்ந்த 'இஸ்பஹான்'. ஜொனி ஹொட்ஜஸின் சக்ஸபோன் உருகி ஒலிக்கும் அந்த உருப்படி, பயணம் தொடங்குமுன்பே வேறொரு பெயரில் எழுதப்பட்டுவிட்டது. ஊரைக் காணுமுன்னே பிறந்த இசைக்கு ஊரின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. ஆகவே, பயணியின் தட்டில் நம் பெயர் இருந்தால் நாம் பாதுகாக்கப்பட்டோம் என்றில்லை. இல்லாவிட்டால் இழந்துவிட்டோம் என்றுமில்லை. வழிப்போக்கன் தன் நெஞ்சில் பட்டதை எழுதுகிறான். நம் இசையைக் காப்பது நம் கடமை, அவனுடையதன்று.

எலிங்டன் இத்தீவுக்கு வந்த அந்த ஆண்டில், நமது பெரிய மேளம் எப்படி இருந்தது? இணுவில் விசுவலிங்கத்தின் மகனான தவில் மேதை தெட்சணாமூர்த்திக்கு அப்போது வயது முப்பது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நம் கோயில் வீதிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. எலிங்டன் 1974 மே மாதத்தில் எழுபத்தைந்து வயதில் மறைந்தார். மறு ஆண்டு அதே மே மாதத்தில் தெட்சணாமூர்த்தி மறைந்தார். அவர் நாற்பத்திரண்டு வயதையும் எட்டவில்லை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. விருது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் திருவிழாக்களில் விடியும்வரை ஒலித்த அந்தத் தவிலில் நம் கையில் எஞ்சியிருப்பது எவ்வளவு?

கருவியின் குணமும் இதில் உண்டு. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடமே அடங்கும். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனை அங்கே எங்ஙனம் அடங்கும்? எலிங்டனும் நெடுங்காலம் அந்த மூன்று நிமிடச் சிறைக்குள் எழுதியவரே. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் நீள்தட்டு வந்த பின்னரே, இத்தகைய கோவைகளை மனம்போல் பதிய முடிந்தது.

என் பிள்ளைப் பருவம் மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் கழிந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கசற்றும் கேட்ட தலைமுறை எங்களுடையது. கை சோர்ந்தால் பாட்டும் சோரும். கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரக் கசற் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் வேறு நாடா கிடைக்காமல், அதன் மேலேயே ஒரு வானொலி நாடகத்தைப் பதிந்துவிட்டேன். அந்த நாதஸ்வரத்தை வாசித்தவர் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. இனி அறியவும் வழியில்லை.

மறுபதிப்பு என்பது மந்திரமன்று. மூல ஒலிநாடா எங்கோ பத்திரமாக இருக்கவேண்டும். அதிலிருந்து புதிதாக ஒரு தட்டில் தடம் வெட்டி, அதைக் கொண்டு உலோக அச்சு வார்த்து, அந்த அச்சினால் வினைலை அழுத்துகிறார்கள். 2022 இல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987 க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளை விஞ்சியது. இத்தனை ஆரவாரமும் மூலநாடா என்ற ஒன்று இருப்பதனால்தான். மூலம் போனால் என்னவாகும் என்பதை 1981 இல் எரிந்த நம் நூலகம் நமக்குச் சொல்லிவிட்டது. சுமார் 97,000 நூல்கள். அவற்றுள் வேறு பிரதியே இல்லாத சுவடிகளும் இருந்தன.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய கசற்றுகள் இருக்கக்கூடும். வெளிநாட்டுக்குச் சென்ற உறவினர் விட்டுப்போனவையாகவும், பூஞ்சணம் பிடித்தவையாகவும், பெயர் எழுதாதவையாகவும் இருக்கலாம். எறியுமுன் ஒருமுறை யோசியுங்கள். 2005 முதல் நம்மவரின் எழுத்தையும் குரலையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் இன்று உண்டு. கசற்றைக் கொடுக்குமுன், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை அருகிருத்தி, வாசிப்பவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று கேட்டு அதன்மேல் எழுதிவையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.