மணம் எட்டும் தொலைவு: பயறு வண்டும் நறுமண எண்ணெய்களும்

சேமிப்புத் தானியப் பூச்சிகளுக்கு எதிராகத் தாவர நறுமண எண்ணெய்களைச் சோதிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பாங்கில் நடக்கின்றன: கண்ணாடிக் குப்பி, வடிதாளில் ஓரிரு துளி எண்ணெய், உள்ளே சில வண்டுகள், மறுநாள் செத்தவற்றின் கணக்கு. நொச்சியோ யூகலிப்டஸோ கிராம்போ, போதிய அளவு வைத்தால் வண்டுகள் சாகத்தான் செய்கின்றன. அதைக் கொண்டு, கிடங்குகளில் பூச்சிகொல்லும் வாயுவை வெளியிடும் பாஸ்பீன் மாத்திரைக்கு மாற்று கிடைத்துவிட்டதாக முடிவுரை எழுதும்போதுதான் சறுக்கல் நேர்கிறது. அந்தக் குப்பியில் தானியமே இல்லை. இந்த எண்ணெய்களுக்கு உரிய இடம் கிடங்கு அன்று, உழவர் வீட்டு விதைப் பாத்திரம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாஸ்பீனின் கொதிநிலை சுழியத்துக்கு 88 டிகிரி செல்சியஸ் கீழே. மூலக்கூறு எடை 34. ஆகவே அது மூட்டை அடுக்கின் நடுவரை புகும். யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலோ 176 டிகிரியில்தான் கொதிக்கும், எடை 154. கிராம்பின் யூஜினாலுக்குக் கொதிநிலை 254 டிகிரி. இவை மெல்ல ஆவியாகி, முதலில் எதிர்ப்படும் மணிகளிலேயே ஒட்டி நின்றுவிடுகின்றன. குப்பியைக் கோதுமையால் நிரப்பிச் சோதித்தவர்கள் அதே பலனுக்குப் பல மடங்கு எண்ணெய் வேண்டியிருப்பதைக் கண்டார்கள். பாஸ்பீனுக்கு மாற்று தேவை என்பதில் ஐயமில்லை. உலக உணவு வேளாண் நிறுவனத்தின் 1972-73 கணக்கெடுப்பிலேயே பூச்சிகளின் எதிர்ப்பாற்றல் பதிவாகிவிட்டது. அதற்குக் காரணமான மரபணு ஒன்று 2012இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் தேவை இருப்பதாலேயே ஓர் எண்ணெய் நெல் மூட்டைக்குள் கூடுதலாக ஓர் அடி புகுந்துவிடாது.

பயறு வண்டு வேறு வகை எதிரி. தாய் வண்டு பாசிப்பயறு, தட்டைப்பயறின் தோல்மேல் முட்டைகளைப் பசையிட்டதுபோல ஒட்டவைக்கிறது. புழு முட்டையின் அடியிலேயே துளைத்து உள்ளே இறங்கும். வண்டாகி வட்டத் துளையிட்டு வெளிவரும்வரை விதை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வெளிவந்த வண்டு சேமிப்பில் எதையும் தின்பதில்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, இரண்டொரு வாரத்தில் மடிகிறது. அதாவது வண்டும் முட்டையும் ஆவிக்கு எதிரே வெளிப்பட்டு நிற்கும் நாட்கள் உண்டு. இறுக மூடிய பத்து கிலோ டப்பாவில் ஆவி கடக்கவேண்டிய தொலைவும் ஒரு முழம்தான். உள்ளிருக்கும் புழுக்கள் தப்பும் என்பதால் சில வாரங்கள் கழித்து எண்ணெயை மறுமுறை வைக்கவேண்டியிருக்கும். இந்த நறுமண எண்ணெய்களோடு வேப்பெண்ணெயையும் சேர்த்துப் பேசுவது ஒரு பழைய குழப்பம்: அது ஆவியாகும் எண்ணெய் அன்று, விதைமேல் பூசி முட்டையை மூச்சுமுட்ட வைப்பது.

குதிரில் நொச்சி இலை போட்டே காலம் தள்ளினோமே என்று கேட்கலாம். காய்ந்த நொச்சி இலையில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அது வண்டை விரட்டலாம், விரட்டுவது கொல்வதாகாது. இயற்கையானது ஆகையால் தீங்கில்லை என்னும் வாதம் இதைவிடப் பலவீனமானது. வசம்பெண்ணெயின் பீட்டா அசரோன் பூச்சிகளை மலடாக்கும் திறனுடையது. அதே பொருள் எலிகளுக்குக் குடற்புற்று உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் தடைசெய்தது. ஆகவே வசம்பு விதைக்கு மட்டும்; குழம்புக்குப் போகும் பயறில் அதற்கு வேலையில்லை. கனமான எதிர்வாதம் முளைப்பைப் பற்றியது. சினியோல், சிட்ரால் போன்றவை விதை முளைப்பதைத் தடுக்கவல்லவை. வண்டைக் கொன்று விதையையும் கொன்றால் யாருக்கு லாபம்? இதற்கு விடையை வாதத்தால் சொல்ல முடியாது, அளவால்தான் சொல்ல வேண்டும். பாசிப்பயறு, உளுந்துக்குச் சான்றுவிதைத் தரம் குறைந்தது 75 விழுக்காடு முளைப்பு. ஓர் எண்ணெயைப் பரிந்துரைக்கும் ஆய்வு, செத்த வண்டுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, ஆறு மாதம் டப்பாவில் கிடந்த அதே விதையின் முளைப்பையும் அச்சிட வேண்டும்.